ஆலிஸ் ஹாமில்டன்

ஆலிஸ் ஹாமில்டன் (பெப்ரவரி 27, 1869 - செப்டம்பர் 22, 1970) அமெரிக்க மருத்துவரும் நச்சியல் ஆய்வாளரும் ஆவார். தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருட்கள் தொழிலாளரின் உடலுக்கும் பொதுமக்களின் நலனுக்கும் விளைவிக்கும் கேடுகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். ஈயம், பிக்ரிக் அமிலம், பென்சீன், ரேடியம், கார்பன் டைசல்பைடு ஆகியவற்றின் நச்சுத்தன்மை பற்றி ஆராய்ந்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக நியமிக்கப்பட்ட முதல் பெண்மணி இவரே. பெட்ரோலில் ஈயம் கலப்பதை 1925 ஆம் ஆண்டிலேயே எதிர்த்தவர்களுள் ஒருவர் என்பதற்காகவும் இவர் இன்று நினைவுகூரப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

நியூயார்க் நகரில் பிறந்த ஆலிஸ், இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில் பாட்டனாரின் பெரிய நிலப்பண்ணையில் வளர்ந்தார். பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தனர். கிரேக்கப் புராணக் கதைகளைத் தொகுத்து எழுதிப் புகழ்பெற்ற எடித் ஹாமில்டன் இவருடைய அக்கா. தந்தையின் மளிகை மொத்த வணிகம் நொடித்துப் போனதால் சகோதரிகள் தாமே பொருளீட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆலிஸ் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து 1893 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

நோயியலில் மேற்பயிற்சி பெற 1895 இல் எடித்துடன் செருமனி சென்றார். லைப்சிக், மியூனிக் பல்கலைக்கழகங்கள் அக்காலத்தில் பெண்களை மாணவராகச் சேர்ப்பதில்லை; ஆண் மாணவர்களின் கண்ணில் படாதவாறு இருந்தால் விரிவுரை கேட்கலாம் என்ற அளவிலேயே இவ்விருவருக்கும் இசைவு கிடைத்தது. நாடு திரும்பியபின் 1897 இல் சிகாகோவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோயியல் பேராசிரியரானார்.

ஹல் ஹவுஸ்

சிகாகோவில் இவர் தங்கியது ஹல் ஹவுஸ் என்னும் குடியிருப்பில். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ஏழைப் புலம்பெயர்ந்தோர் நடுவே நடத்திவந்த சமூகநல இல்லம் அது. படித்தவர்கள் அங்கேயே குடியிருந்து அக்கம்பக்கத்தாருக்குத் தொண்டாற்றினர். ஆலிஸ் அங்கு குழந்தைகளுக்கான மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தினார். இத்தாலி, போலந்து, பல்கேரியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் வயிற்றுவலி, கைவிழுதல், காரணமறியாத வாதம் ஆகியவற்றால் துன்புறுவதை அருகிலிருந்து கண்டார்.

இக்காலத்தில் நடந்த நிகழ்ச்சியொன்று இவருடைய பிற்கால ஆய்வுமுறையை விளங்கிக்கொள்ள உதவும். 1902 இல் ஹல் ஹவுஸ் பகுதியில் டைபாய்டு கடுமையாகப் பரவியது. திறந்த கழிவிடங்களில் மொய்க்கும் ஈக்களே காரணமாயிருக்கலாம் எனக் கருதிய ஆலிஸ், ஈக்களைப் பிடித்துச் சோதித்து, அவற்றில் டைபாய்டு கிருமி இருப்பதைக் காட்டினார். இக்கட்டுரை இவருக்குப் பெரும்புகழைத் தந்தது. நகரச் சுகாதாரத் துறையும் சீரமைக்கப்பட்டது. ஆனால் அப்பகுதியின் குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததும், அதிகாரிகள் அதை மறைத்ததும் பின்னர் தெரியவந்தது. ஈக்களின் பங்கு சிறிதே. பிழையான முடிவுக்காகத் தமக்குப் புகழ் வந்ததை இவர் மறைக்கவில்லை. தம் தன்வரலாற்றிலும் அதனைப் பதிவு செய்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது வேறு, நோயாளி வாழும் இடத்தில் அது எவ்வழியாக உடலை அடைகிறது என நிறுவுவது வேறு என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது.

இலினொய் ஆய்வு

தொழில்சார் நோய்கள் பற்றி இங்கிலாந்திலும் செருமனியிலும் நூல்களும் சட்டங்களும் இருந்த காலத்தில் அமெரிக்காவில் அத்துறையே இல்லை எனலாம். அமெரிக்கத் தொழிற்சாலைகள் தூய்மையானவை, எனவே அங்கு அத்தகைய நோய் இல்லை என்பதே பொதுவான நம்பிக்கை. கணக்கெடுக்காததால் நோய் இல்லை என்று கருதப்பட்டது. இலினொய் மாநில அரசு 1908 இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. 1910 இல் தொடங்கிய கள ஆய்வுக்கு ஆலிஸ் பொறுப்பேற்றார்.

தொழிற்சாலைக்குள் நுழைய இவருக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. உரிமையாளரிடம் நேரில் சென்று இசைவு கேட்பார். பின்னர் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டுவார். மருந்துக்கடைக்காரர், பாதிரியார், தொழிற்சங்கத்தார் ஆகியோரிடம் விசாரிப்பார். தொழிலாளரின் வீட்டுக்கே சென்று அவருடைய மனைவியிடமும் பேசுவார். ஆலையில் உண்மை சொல்ல அஞ்சுவோர் வீட்டில் சொல்வர் என்பது இவருடைய அனுபவம்.

ஒருமுறை குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி ஒருவர் ஈய நஞ்சால் முடங்கியிருப்பதை மருத்துவமனையில் கண்டார். ஆலைக்குச் சென்று பார்த்தபோது ஆபத்தான வேலை எதுவும் தென்படவில்லை. பின்னர் தொழிலாளியின் வாயிலாகவே உண்மை தெரிந்தது. ஆலிசுக்குக் காட்டப்பட்டது கடைசி மெருகூட்டல் மட்டுமே. செந்தழலாய்க் காய்ந்த தொட்டியின்மேல் எனாமல் பொடியைத் தூவும் வேலை வேறிடத்தில் நடந்தது. அப்பொடியைச் சோதித்ததில் கரையக்கூடிய ஈயம் பெருமளவில் இருந்தது.

தொழிலாளர் கைகழுவாமல் உண்பதால்தான் ஈயம் உடலில் சேர்கிறது என்று முதலாளிகள் சொல்லிவந்தனர். மூச்சுடன் செல்லும் தூசியும் ஆவியுமே முதன்மையான வழி என ஆலிஸ் நிறுவினார். இது சிறிய திருத்தமன்று. கைகழுவுதல் தொழிலாளியின் பொறுப்பு. காற்றிலுள்ள தூசியை உறிஞ்சி அகற்றுவது ஆலையின் பொறுப்பு. ஆய்வில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகளில் ஈயம் பயன்படுவதும், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறியிருப்பதும் வெளிப்பட்டன. 1911 இல் இலினொய் சட்டமன்றம் தொழில்சார் நோய்கள் குறித்துச் சட்டம் இயற்றியது.

எல்லா முதலாளிகளும் பகைவராக இருக்கவில்லை. நேஷனல் லெட் நிறுவனத்தின் எட்வர்ட் கோர்னிஷ், தம் ஆலையில் நோய் இருப்பதை முதலில் நம்பவில்லை. மெய்ப்பித்தால் திருத்துவதாகக் கூறினார். மருத்துவர்களின் உறுதிமொழியோடு இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆலிஸ் காட்டியதும், சொன்னபடியே ஆலைகளில் தூசி நீக்கும் அமைப்புகளையும் மருத்துவச் சோதனையையும் ஏற்படுத்தினார். இத்தகைய அனுபவங்களால், சான்றுகளைக் காட்டி இணங்கச் செய்யலாம் என்ற நம்பிக்கை ஆலிசிடம் நெடுங்காலம் இருந்தது. அந்நம்பிக்கையின் எல்லை பின்னர் தெரியவந்தது.

1911 முதல் நடுவண் அரசின் தொழில் துறைக்காக நாடு முழுதும் ஆய்வு செய்தார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் வெடிமருந்து ஆலைகளின் இருப்பிடங்கள் மறைவாக வைக்கப்பட்டன. வானில் எழும் நைட்ரசன் ஆக்சைடுகளின் செம்மஞ்சள் புகையையும், பிக்ரிக் அமிலத்தால் தோலும் முடியும் மஞ்சளேறிய தொழிலாளரையும் பின்தொடர்ந்து இவர் அவ்வாலைகளைக் கண்டுபிடித்தார்.

ஹார்வர்ட்

1919 இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி இவரைத் தொழில்சார் மருத்துவத்தின் துணைப்பேராசிரியராக நியமித்தது. இத்துறையில் இவருக்கு இணையான ஆண் எவரும் கிடைக்காததே காரணம். ஆசிரியர் மன்றத்தில் நுழையக்கூடாது, கால்பந்தாட்டச் சீட்டுக் கேட்கக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1935 இல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வும் தரப்படவில்லை. அக்கல்லூரி பெண்களை மாணவராகச் சேர்த்ததே 1945 இல்தான். இவருடைய முதல் பாடநூலான அமெரிக்காவில் தொழிற்சாலை நஞ்சுகள் 1925 இல் வெளிவந்தது. 1924 முதல் 1930 வரை நாடுகளின் சங்கத்தின் சுகாதாரக் குழுவில் உறுப்பினராக இருந்தார்.

ஈயம் கலந்த பெட்ரோல்

மோட்டார் எஞ்சினில் எரிபொருள் சீராக எரியாமல் தட்டும் ஓசை எழுவது அக்கால வாகனங்களின் பெருங்குறை. டெட்ராஎத்தில் ஈயம் என்னும் நீர்மத்தைச் சிறிதளவு சேர்த்தால் அக்குறை நீங்கும் என ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தாமஸ் மிட்ஜ்லி 1921 திசம்பரில் கண்டறிந்தார். 1923 பெப்ரவரியில் விற்பனை தொடங்கியது. மக்களின் உடல்நலத்துக்கு என்ன நேரும் என்ற ஆய்வு முடியுமுன்னரே பொருள் சந்தைக்கு வந்துவிட்டது.

1924 அக்டோபரில் நியூ செர்சியின் பேவே எண்ணெய் ஆலையில் இப்பொருளைத் தயாரித்த தொழிலாளர்களுள் ஐவர் மனநிலை குலைந்து இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வேறு ஆலைகளிலும் இறப்புகள் நிகழ்ந்தது தெரியவந்தது. நியூயார்க் உட்படச் சில நகரங்கள் விற்பனையைத் தடை செய்தன. அரசின் சுரங்கத் துறை நடத்திய விலங்கு ஆய்வு, வாகனப் புகையால் ஆபத்தில்லை என்றது. அவ்வாய்வுக்குப் பணம் கொடுத்ததும், முடிவுகளை வெளியீட்டுக்கு முன் பார்வையிடும் உரிமையைப் பெற்றிருந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் என்பதை ஆலிஸ் உள்ளிட்டோர் சுட்டிக்காட்டினர்.

1925 மே 20 அன்று வாஷிங்டனில் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஹியூ கமிங் கூட்டிய மாநாட்டில் இரு தரப்பும் எதிரெதிரே அமர்ந்தன. நிறுவனத்தார், எண்ணெய் வளத்தைச் சிக்கனப்படுத்தும் இப்பொருள் இன்றியமையாதது என்றும், தீங்கு என்பவர்கள் அதனை மெய்ப்பிக்கவேண்டும் என்றும் வாதிட்டனர். யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் ஆலிசும் எதிர்த்தனர். ஈயம் மெல்ல மெல்ல உடலில் சேர்வது. ஈயம் புழங்கும் இடத்தில் நோய் முன்னோ பின்னோ வந்தே தீரும் என்பது ஆலிசின் வாதம். ஓர் ஆலைக்குள் தூசியைக் கட்டுப்படுத்தலாம். நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் பரவும் ஈயத்தைக் கட்டுப்படுத்த வழியில்லை. ஆகவே வேறு பொருளைத் தேடுமாறு வேதியியலாளரை இவர் வேண்டினார்.

விற்பனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. ஆலிஸ் அதில் இடம்பெறவில்லை. அக்குழு ஓகையோ மாநிலத்தில் 252 பேரைச் சோதித்து, 1926 சனவரியில் தடைவிதிக்கப் போதிய காரணமில்லை என அறிவித்தது. பல்லாண்டுகளில் வெளிப்படும் கேட்டைச் சில மாதங்களில் அளக்க முயன்றதே இவ்வாய்வின் அடிப்படைக் குறை. இக்குறையைக் குழுவே உணர்ந்து, ஆய்வை அரசு தொடரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அது நடைபெறவில்லை, அடுத்த நாற்பது ஆண்டுகள் இத்துறை ஆய்வின் பெரும்பகுதி தொழில்நிறுவனங்களின் பொருளுதவியில், ராபர்ட் கீஹோ என்பவரின் தலைமையில் நடந்தது.

பிற்கால ஆய்வுகள்

கடிகார முகப்புகளுக்கு ரேடியச் சாயம் பூசி நோயுற்ற பெண்களின் வழக்கில், செய்தித்தாள்களின் ஆதரவைத் திரட்ட இவர் உதவினார். 1930களின் இறுதியில், செயற்கைப் பட்டு எனப்பட்ட ரேயான் ஆலைகளை ஆராய்ந்து, அங்குப் பயன்படும் கார்பன் டைசல்பைடு நரம்புத் தளர்ச்சியையும் மனநோயையும் உண்டாக்குவதை வெளிப்படுத்தினார். தமிழகத்தில் சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவுநீரால் பவானி ஆறு கெட்டதற்கு எதிராக 1990களில் நடந்த போராட்டங்களை அறிந்தவர்களுக்கு இத்தொழிலின் இன்னொரு முகம் தெரிந்திருக்கும்.

1943 இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 1947 இல் லாஸ்கர் விருது பெற்றார். கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்லைம் சிற்றூரில் சகோதரி மார்கரெட்டுடன் வாழ்ந்து, 101 ஆம் அகவையில் காலமானார். தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்னர், 1970 திசம்பரில்.

இந்தியாவில்

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948 இன் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவிக்கப்படவேண்டிய தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. அதில் முதலாவது ஈய நஞ்சேற்றம்; இரண்டாவது டெட்ராஎத்தில் ஈய நஞ்சேற்றம். கார்பன் டைசல்பைடு, பென்சீன் ஆகியனவும் அதில் இருந்தன. போபால் பேரழிவுக்குப்பின் 1987 இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான செயல்முறைகளுக்கெனத் தனி இயலும், வேலையிடக் காற்றில் வேதிப்பொருட்களின் உச்ச அளவுகளும் சேர்க்கப்பட்டன.

ஆலைத் தொழிலாளியை ஈயத்திலிருந்து காக்கச் சட்டம் இருந்தபோதும் தெருவில் நடப்பவருக்குக் காப்பு இல்லை. அன்றைய தருமபுரி மாவட்டத்தின் ஓசூரில் (2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டம்) 1980 இல் டிவிஎஸ் 50 இருசக்கர வண்டி உற்பத்தியாகத் தொடங்கி, பெட்ரோல் வண்டி நடுத்தர மக்களின் வாசலுக்கு வந்தபோது, நாட்டில் விற்ற பெட்ரோல் ஈயம் கலந்ததே. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியது. 2000 பெப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. இலங்கையில் 2002 இல் ஈயப் பெட்ரோல் கைவிடப்பட்டது.

நினைவு

சின்சினாட்டி நகரிலுள்ள அமெரிக்கத் தொழிலிட நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு 1987 இல் இவர் பெயர் இடப்பட்டது. கீஹோவின் ஆய்வகம் இருந்ததும் அதே நகரில்தான். 1995 இல் அமெரிக்க அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது. உலகில் கடைசியாக ஈயப் பெட்ரோல் விற்ற நாடான அல்சீரியா 2021 சூலையில் அதனை நிறுத்தியது. வாஷிங்டன் மாநாட்டுக்குப்பின் அதற்குத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் ஆயின.