பாரி-தாமஸ்

ஜான் காட்ஃப்ரி பாரி-தாமஸ் (ஏப்ரல் 6, 1884 - மார்ச் 3, 1927) வேல்ஸ் நாட்டில் பிறந்த பொறியியலாளரும் தானுந்துப் பந்தய வீரரும் ஆவார். தரைவழி வேகத்தில் உலக சாதனை படைத்த இவர், அச்சாதனையை மீட்கும் முயற்சியின்போது உயிரிழந்தார். இவர் ஓட்டிய பாப்ஸ் என்னும் தானுந்து, வானூர்தி எந்திரம் பொருத்தப்பட்டது.

வாழ்க்கை

ரெக்சாம் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். லண்டனில் பொறியியல் பயின்றார். லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக, 8 உருளைகள் கொண்ட லேலண்ட் எய்ட் என்னும் ஆடம்பரத் தானுந்தை வடிவமைத்தார். விலை மிக அதிகமாக இருந்ததால் அது சில வண்டிகளே விற்றது. பின்னர் அப்பணியிலிருந்து விலகி, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் வளாகத்திலேயே குடியேறி முழுநேரப் பந்தய வீரரானார்.

பாப்ஸ்

இவ்வண்டியை முதலில் உருவாக்கியவர் லூயி சுபோரோவ்ஸ்கி என்னும் செல்வந்தர். இவருடைய சிட்டி பேங் பேங் வண்டிகளே பின்னாளில் இயான் ஃபிளெமிங்கின் சிறுவர் கதைக்குத் தூண்டுகோலாயின. கென்ட் பகுதியிலிருந்த தமது ஹைம் மாளிகையின் பெயரால் இவ்வண்டிக்கு ஹைம் ஸ்பெஷல் எனப் பெயரிட்டார். முதலாம் உலகப்போர்க் கால வானூர்திகளுக்கென அமெரிக்காவில் உருவான 27 லிட்டர், 12 உருளை லிபர்ட்டி எந்திரத்தை இதில் பொருத்தினார். பற்சக்கரப் பெட்டி பழைய பென்ஸ் பந்தய வண்டி ஒன்றினுடையது. பின்சக்கரங்கள் சங்கிலிகளால் இயக்கப்பட்டன.

1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் சுபோரோவ்ஸ்கி இறந்தார். அதன்பின் வண்டியைத் தாமஸ் 125 பவுண்டுக்கு வாங்கினார். சாதனை வண்டி ஒன்றுக்கு இது மிகச் சொற்பமான தொகை. புதிய உந்துதண்டுகளையும் நான்கு எரிவளிக் கலப்பிகளையும் பொருத்தி, உடற்பகுதியைக் காற்றுத்தடை குறையுமாறு மாற்றி, பாப்ஸ் எனப் பெயரிட்டார்.

வேல்ஸின் பென்டைன் கடற்கரை மணலில் 1926 ஏப்ரல் 27 அன்று மணிக்கு 169.30 மைல் வேகத்தையும், மறுநாள் 171.02 மைல் (275.2 கி.மீ.) வேகத்தையும் எட்டினார். அதற்கு முன் ஹென்றி சீகிரேவ் படைத்திருந்த சாதனை 152.33 மைல்.

இறப்பு

1927 பெப்ரவரி 4 அன்று மால்கம் கேம்பல் அதே கடற்கரையில் 174.88 மைல் வேகத்தை எட்டி இச்சாதனையை முறியடித்தார். அதை மீட்க மார்ச் 3 அன்று முயன்றபோது பாப்ஸ் கவிழ்ந்து தாமஸ் உயிரிழந்தார். தரைவழி வேக சாதனை முயற்சியில் இறந்த முதல் ஓட்டுநர் இவரே. உடல் பைஃப்ளீட் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வண்டியையும் அக்கடற்கரை மணலிலேயே புதைத்துவிட்டனர்.

மீட்பு

அறுந்த சங்கிலி தாக்கியே இவர் இறந்தார் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து; பல நூல்களில் இன்றும் அவ்வாறே காணலாம். 1969 இல் வேல்ஸைச் சேர்ந்த பொறியியல் விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன் வண்டியைத் தோண்டி எடுத்தார். உப்பு நீரில் 42 ஆண்டுகள் கிடந்து அரித்திருந்த பாகங்களை ஆராய்ந்தபின், பின்சக்கரம் ஒன்று முறிந்ததால் வண்டி கவிழ்ந்திருக்கலாம் என்ற விளக்கம் வலுப்பெற்றது. ஓவன் பல ஆண்டுகள் உழைத்து வண்டியை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். பாப்ஸ் பின்னர் பென்டைனிலும் புரூக்லண்ட்ஸிலும் உள்ள அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டது.