ரமணரின் கையில் வந்த கட்டி

1948-ஆம் ஆண்டின் இறுதியில், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே சிறு கட்டி ஒன்று தென்பட்டது. அப்போது அவருக்கு 69 வயது நிறையும் தறுவாய். மூட்டுவலியால் நடை முன்னரே தளர்ந்திருந்தது.

உடலைப் பொருட்படுத்தாதவர் என்றே அவரை நாம் அறிந்திருக்கிறோம். 1879-இல் திருச்சுழியில் வேங்கடராமனாகப் பிறந்தவர், 16 வயதில் மதுரை வீட்டில் மரண அச்சத்தை நேர்கொண்டு, 1896 செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலையை வந்தடைந்தார். கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில் அவர் அமர்ந்திருந்தபோது பூச்சிகள் தொடைகளை அரித்துப் புண்ணாக்கின. அதைக்கூட அவர் உணரவில்லை. பிறர்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தனர். பின்னர் மலைக் குகைகளில் நெடுங்காலம் வாழ்ந்தார்; 1922-இல் தாயார் அழகம்மாள் மறைந்த பிறகு அவரது சமாதியை ஒட்டி மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவாயிற்று.

பாதாள லிங்கக் கதையைச் சொல்பவர்கள் 1949-ஆம் ஆண்டின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் கட்டி மறைக்கப்படவுமில்லை, கிடப்பில் போடப்படவுமில்லை. பிப்ரவரியிலேயே ஆசிரம மருத்துவர்கள் அதை அகற்றினர். ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் அது மீண்டும் தலைகாட்டியது, முன்னினும் பெரிதாக. மார்ச் மாதம் சென்னை அறுவை மருத்துவர் வந்து இரண்டாம் முறை அகற்றினார். சார்கோமா என்னும் புற்றுநோய் என்பது தெரிந்தது. புண் ஆறவில்லை, ரேடியம் சிகிச்சை தரப்பட்டது. கையைத் துண்டித்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் மகரிஷி ஏற்கவில்லை. ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என மேலும் இரு அறுவைகள். இடையில் நாட்டு மருந்து, ஓமியோபதி என அன்பர்கள் கொண்டுவந்தவற்றுக்கும் அவர் இசைந்தார். கடைசி நாள் வரை தரிசனத்துக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவிடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தார்.

கையை முன்பே அகற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்று கேட்பதில் பயனில்லை. உடலுக்குள் பார்க்கும் ஸ்கேன் கருவிகள் இல்லாத காலம் அது. ஆனால் மகரிஷியே உடலைப் பற்றிக் கவலைப்படவில்லையே என்று சொல்லித் தன் கட்டியை மூடிவைப்பவர், அவர் வாழ்க்கையைப் பாதி மட்டுமே படித்தவர். பற்றின்மை அவருடையது, கட்டி வந்ததும் மருத்துவரிடம் காட்டப்பட்டது என்பதும் அதே வாழ்க்கையில் உள்ளதுதான்.

கோவை சரவணம்பட்டியிலிருந்து பௌர்ணமிக்குப் பேருந்து ஏறிக் கிரிவலம் போகும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம் நாட்டவருக்குப் பெரும்பாலும் உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்தடியிலோதான் வருகிறது. வெறுங்காலோடு நடப்பவர் அந்தக் கரும்புள்ளியைக் கல் குத்திய வடு என்று நினைப்பது இயல்பு. எப்படியோ கண்டறிந்து அறுவையும் முடிந்து, மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆறாவது வாரத்தில் தொடை இடுக்கில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. கால் புண்ணுக்கு நெறி கட்டியிருக்கிறது என்கிறார் வீட்டில் ஒருவர். வலியில்லையே என்கிறார் இன்னொருவர். தவணைக்கு முன்பே போய் டாக்டரைத் தொந்தரவு செய்வதா என்ற கூச்சம் வேறு. நம்மிடையே நோயை வளர்ப்பதில் இந்தக் கூச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வலியின்மை இங்கே ஆறுதல் அல்ல. மெலனோமா திரும்பும்போது அறுவைத் தழும்பின் அருகிலோ, தழும்புக்கும் இடுக்குக்கும் இடையில் தோலடியிலோ, இடுக்கு நெறியிலோ வலியற்ற கட்டியாகவே வரக்கூடும். கையில் வந்திருந்தால் அக்குளைத் தடவிப் பார்க்க வேண்டும். சாதாரண நெறியாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், ஸ்கேனோ ஊசிப் பரிசோதனையோ செய்து. 1949-இல் இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன; நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சையும் வந்திருக்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் அகற்றுவதும் எளிது. கரைகிறதா என்று நாள்தோறும் அழுத்திப் பார்த்து மூன்றாம் மாதத்துக்குக் காத்திருப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

மருத்துவமனைச் சீட்டில் தொலைபேசி எண் இருக்கும். கட்டியைக் கண்ட அன்றோ மறுநாளோ அழைத்து, முன்பு மெலனோமாவுக்கு அறுவை செய்துகொண்டவர் என்பதை முதலில் சொல்லிவிட்டு, கட்டி எங்கே, எப்போது தெரிந்தது, வளர்கிறதா என்று கூறினால் போதும். உடனே வரச் சொல்வதா, சில நாள் பார்க்கச் சொல்வதா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.