பாரதியார் பாடல்கள் மக்களின் சொத்தானது எப்படி? பதிப்புரிமை வரலாற்றில் மகாகவி

சென்னை: மகாகவி சுப்பிரமணிய பாரதியாரின் பாடல்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், திரைப்படத்தில் பயன்படுத்தலாம், மேடையில் பாடலாம். எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் அந்தப் பாடல்கள் தனியாரின் உடைமையாகவே இருந்தன. அவற்றை மீட்க ஓர் இயக்கமே நடைபெற்றது.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் தேதி பிறந்த பாரதியார், இளமையிலேயே கவித்திறத்தால் 'பாரதி' என்ற பட்டத்தைப் பெற்றார். தந்தை சின்னசாமி ஐயர் தொடங்கிய நூற்பாலை முயற்சி தோல்வியடைந்ததால், குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. காசியில் சில ஆண்டுகள் பயின்று திரும்பிய அவர், 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சிறிது காலம் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அதே ஆண்டில் சென்னை சென்று 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார்.

அவரது தேசியப் பாடல்கள் முதலில் பரவியது இலவச வெளியீடாகவே. மிதவாதத் தலைவரான வி.கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மாற்றுக் கருத்து கொண்டிருந்தபோதிலும், 1907-இல் பாரதியாரின் பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு விலையின்றி வழங்கினார். இதனால் கவிஞரின் பெயர் பரவியது; ஆனால், வருவாய் பெருகவில்லை.

ஆங்கிலேய அரசின் கைது நடவடிக்கையைத் தவிர்க்க 1908-இல் புதுச்சேரி சென்ற பாரதியார், அங்கு பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' ஆகியவை அக்காலத்தில் உருவானவை. அவரது 'இந்தியா' இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டதால் வருவாய்க்கான வழியும் அடைபட்டது. நண்பர்களின் உதவியே குடும்பத்தைத் தாங்கியது.

எழுத்தையே பிழைப்பாகக் கொள்ள முடியும் என்ற நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியேறியபோது கடலூர் அருகே கைதாகி, விடுதலைக்குப் பின் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் தங்கினார். 1920-இல் தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் வீதம் வெளியிடத் திட்டமிட்டு, கடனுதவி கோரிச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல் வீடுதோறும் தம் நூல்கள் விலைபோகும் என்பது அவரது கணிப்பு. போதிய உதவி கிட்டாததால் அத்திட்டம் நிறைவேறவில்லை. மீண்டும் 'சுதேசமித்திரன்' பணியில் சேர்ந்த அவர், 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். அப்போது அவருக்கு 39 வயதுகூட நிறைவடையவில்லை.

அன்று நடைமுறையில் இருந்த 1914-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவரது படைப்புகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. அதன்படி பாரதியாரின் நூல்கள் 1971 வரை உரிமையாளருக்கே உரியவை. ஆயினும் அந்த நீண்ட பாதுகாப்பின் பயன் குடும்பத்திற்கு முழுமையாகக் கிட்டவில்லை. 1922-இல் பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் நூல்களை வெளியிட்ட செல்லம்மாவால் அம்முயற்சியைத் தொடர இயலவில்லை. கவிஞரின் மாற்றாந்தாய் மகனான சி.விசுவநாதன் உள்ளிட்டோர் நடத்திய பாரதி பிரசுராலயத்திற்கு 1931-இல் 4,000 ரூபாய்க்கு உரிமை கைமாறியது. பின்னர் விசுவநாதனே அதன் தனி உரிமையாளரானார்.

பேசும் படமும் இசைத்தட்டும் பெருகியபோது பாடல்களின் வணிக மதிப்பு உயர்ந்தது. இசைத்தட்டு உரிமை தனியாக விற்கப்பட்டு, இறுதியில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பனிடம் வந்துசேர்ந்தது. அவரது 'நாம் இருவர்' திரைப்படம் 1947-இல் பாரதியார் பாடல்களுடன் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' திரைப்படத்தில் 'கண்ணன் பாட்டு' நூலின் பாடல் ஒன்று இடம்பெற்றபோது, தமது உரிமை மீறப்பட்டதாக மெய்யப்பன் சட்ட நடவடிக்கை மேற்கொண்டார்.

நாட்டு விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாடலைப் பாட ஒருவரிடம் அனுமதி பெற வேண்டுமா என்ற கேள்வி தமிழகமெங்கும் எழுந்தது. 1948-இல் பாரதி விடுதலைக் கழகம் உருவானது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், நாடகக் கலைஞர் டி.கே.சண்முகம், கவிஞர் திருலோக சீதாராம் உள்ளிட்டோர் ஆதரவு திரட்டினர். விலைகொடுத்துச் சட்டப்படி பெற்ற உரிமையை எவ்வாறு பறிக்க இயலும் என்ற எதிர்வாதமும் வலுவாகவே இருந்தது. அச்சிட முன்வருவோர் குறைவாக இருந்த காலத்தில் நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டது பிரசுராலயமே.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு, உரிமையைப் பறிக்காமல் விலைகொடுத்து வாங்க முடிவெடுத்தது. மெய்யப்பன் இழப்பீடு எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் டி.எஸ்.அவினாசிலிங்கம் இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். 1955-இல் அரசு அவ்வுரிமையைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளாமல் பொதுமக்களுக்கு வழங்கியது. செல்லம்மா மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

எழுத்தாளர் ஒருவரின் பதிப்புரிமையை அரசே வாங்கி மக்களுக்கு அளித்ததற்கு உலகில் முன்னுதாரணம் இல்லை என்கிறார் இதனை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி. வங்கத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1941-இல் மறைந்த ரவீந்திரநாத் தாகூரின் படைப்புகள் 1991-இல் பொதுவுடைமையாக வேண்டிய நிலையில், பாதுகாப்புக் காலம் 60 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் இன்றும் அதுவே சட்டம்.

உரிமை நீங்கியபின் பாரதியார் நூல்கள் மலிவு விலையிலும் ஆய்வுப் பதிப்புகளாகவும் பெருகின. அதன் தொடர்ச்சியாகப் பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கி வருகிறது. திரைப்பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் படைப்பை ஒருமுறை விற்றுவிட்டாலும், பின்வரும் வருவாயில் பங்கு பெறும் உரிமையை 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அளித்தது. வாழ்ந்த காலத்தில் 40 நூல்களை வெளியிடக் கடன் கேட்டுக் காத்திருந்த பாரதியாருக்கோ, 4,000 ரூபாய்க்கு உரிமையைக் கைவிட்ட செல்லம்மாவுக்கோ அத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை.