சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

பெண்களுக்கென ஒரு கல்லூரி, அதற்கு ஒரு பெண்ணே முதல்வர் என்பது இன்று யாருக்கும் வியப்பளிக்கும் செய்தியன்று. கடம்பூர் மலையிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் பேருந்தேறிச் சத்தியமங்கலத்திற்குப் படிக்க வரும் மாணவியர்க்கு அது இயல்பாகவே தோன்றும். ஆனால் எழுத்தறிந்த பெண் கைம்பெண்ணாவாள் என்று பாட்டிமார் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் கைம்மை அடைந்த பின்னரே கல்லூரி வாயிலை மிதித்து, பின்னாளில் ஒரு கல்லூரிக்கே முதல்வராக அமர்ந்தவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

சென்னை மயிலாப்பூரில் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி தம்பதியரின் மூத்த மகளாகப் பிறந்தார். இளமையிலேயே படிப்பில் சுடர்விட்ட குழந்தை. எனினும் குல வழக்கம் விடவில்லை. பதினோராம் வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். கணவனோடு வாழ்ந்தே அறியாத சிறுமி விதவையானாள்.

அந்நாளில் அந்தணர் குலத்து விதவைக்கு என்ன காத்திருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தலை மழிக்கப்படும். நகையும் பூவும் பறிபோகும். ஒருவேளை உணவு, அடுக்களை மூலை, சுபகாரியங்களில் முகம் காட்டாமை, இவையே எஞ்சிய வாழ்நாள். இங்கேதான் அவருடைய தந்தையார் ஊர் வாய்க்கு அஞ்சாமல் ஒரு முடிவெடுத்தார். மகளின் தலையை மழிக்க அவர் இசையவில்லை; புத்தகத்தைக் கையில் கொடுத்தார். சீர்திருத்தம் பேசியவர் பலர். சொந்த வீட்டில் செய்து காட்டியவர் சிலரே. இளம் விதவையாகவே அவ்வீட்டில் வாழ்ந்த சித்தி வாலாம்பாள் அம்மையாரும் பின்னாளில் சுப்புலட்சுமியின் பணி முழுவதற்கும் வலக்கையாக நின்றார்.

பிரசென்டேஷன் கான்வென்டிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1911இல் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே. கன்னிமாடத்துச் சகோதரியரின் தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மதம் மாறாமலே அவர்களைப் போலத் தம் வாழ்வைத் தொண்டுக்கு ஒப்படைத்தார். சகோதரி என்ற பெயரும் நிலைத்தது.

1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தோற்றுவித்தார். எழும்பூரில் தம் தந்தையார் வீட்டிலேயே நான்கு இளம் விதவையரைச் சேர்த்து இல்லத்தைத் தொடங்கினார். புனேயில் கார்வே 1896இலேயே இத்தகைய இல்லம் கண்டிருந்தார். ஆந்திர நாட்டில் வீரேசலிங்கம் பந்துலு விதவை மறுமணத்தை முன்னிறுத்திப் போராடினார். அம்மையாரோ முதலில் பற்றியது கல்வியையும் வேலையையுமே. மறுமணம் என்று முழங்கியிருந்தால் எந்தத் தாயும் மகளை அவரிடம் அனுப்பியிருக்க மாட்டாள்.

அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையாருக்கும் ஒரு கவலை இருந்தது. ஆசிரியைகள் இல்லாமையால் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மணமான பெண்ணோ வேலைக்கு வர இயலாது. வீட்டுக்குப் பாரம் என்று ஒதுக்கப்பட்ட விதவையே ஆசிரியையானால்? இரண்டு துன்பங்களும் ஒன்றுக்கொன்று மருந்தாயின. அரசின் உதவியும் கிட்டியது.

இல்லம் வளர வளர இடம் போதவில்லை. 1917இல் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை அரசு வாங்கி இதற்கென அளித்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842 வாக்கில் எழுந்த கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. 1914இல் தோன்றி, டி லா ஹே அம்மையாரை முதல்வராகக் கொண்டிருந்த இராணி மேரி கல்லூரி அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. இல்லத்துப் பெண்கள் அங்கே சென்று பட்டம் பயின்றனர்.

அந்த இல்லம் அந்தணர் குலத்தாருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சமத்துவம் பேசும் நமக்கு இது உறுத்தவே செய்யும்; உறுத்தவும் வேண்டும். ஆசாரம் கெட்டது என்ற ஒரு சொல் பரவினால் அன்றே இல்லம் காலியாகிவிடும் என்பதும் அவர் அறிந்திருந்த உண்மை. இதை எண்ணித்தான் அவர் விட்டுக்கொடுத்தார் என்பது என் கருத்து. அருகிலிருந்த குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1922இல் லேடி வெல்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அம்மையாரே அதன் முதல்வரானார். ஆசிரியைப் பயிற்சியோடு மாதிரிப் பள்ளி ஒன்றும் இணைந்திருந்தது. பாடம் நடத்தக் கற்பவர் உடனே அங்கு நடத்திப் பார்க்கலாம். ஐஸ் ஹவுஸில் பதினெட்டு வயதைக் கடந்தவருக்கு இடமில்லை. ஆகவே வயது வந்த பெண்களையும் மனத்தில் கொண்டு 1927இல் சாரதா வித்யாலயாவை நிறுவினார். 1938இல் அது இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் விடப்பட்டது. குழந்தை மணத்தை எதிர்த்தும் அவர் ஓயாமல் உழைத்தார். பெண்ணின் மணவயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரும் அவர் இல்லத்தின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். சட்டம் கொணர்ந்தவர் ஹர்பிலாஸ் சாரதா.

பட்டங்களும் பதவிகளும் பின்னே வந்தன. 1920இல் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம், 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர் பதவி, 1958இல் பத்மஸ்ரீ. ஓய்வு பெறும் வயதிலும் அவர் ஓயவில்லை. இடையில் படிப்பை விட்ட பெண்களுக்காக 1942இல் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1954இல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் பெண்கள் நலப்பணியை மேற்கொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று அவர் மறைந்தார். ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரால் வழங்குகிறது. சென்னைக்குச் செல்லும் நம் மாணவியர் கடற்கரைச் சாலையில் அந்த வட்டமான கட்டடத்தைப் பார்த்திருக்கலாம். மழித்த தலையோடு வந்த சிறுமிகள் கூந்தல் வளர்ந்து, புத்தகமும் கையுமாய் இறங்கிச் சென்ற படிகள் அங்குதான் இருந்தன.