கை கழுவச் சொன்ன மருத்துவர்

தமிழ்க் காதுக்குப் பெயரிலேயே செம்மல். செம்மல்வைசை எனக்குப் பிடிக்க அதுவும் ஒரு காரணம். 1818-இல் புடாவில் பிறந்தவர். வியன்னாப் பொது மருத்துவமனையில், பிணம் அறுத்த கையோடு மாணவர் பிள்ளைப்பேறு பார்த்த பிரிவில், 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் காய்ச்சலில் மாண்டனர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார்; ஜூனில் சாவு நூற்றுக்கு 2 ஆயிற்று. மூத்த மருத்துவர் பலர் ஏற்கவில்லை.

நண்பர்களே, கொன்றது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. அது கக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் என்னும் நஞ்சு அணுக்களின் உறையைச் சிதைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் குருதி கலந்த தட்டில் நாம் காணும் தெளிந்த வளையம், சிவப்பணுக்கள் உடைந்த தடமே. உடலிலோ கேடு அதனினும் பெரிது: கிருமியை விழுங்க வரும் வெள்ளணுக்களையும் அது மாய்க்கிறது, தடுப்பாரின்றிக் கிருமி பரவுகிறது.

1865-இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட செம்மல்வைஸ், இரண்டே வாரத்தில் புண் அழுகி, குருதியில் நஞ்சேறி இறந்தார். வயது 47.