லான்ட்மாஸ்டரைத் தந்தவர், பிறகு அதைக் கேள்வி கேட்டவர்

வன்னியில் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஒரே பெயர்தான். அது ஜப்பானின் குபோட்டாவாக இருக்கலாம், சீனத் தயாரிப்பாக இருக்கலாம், எவரும் அதைக் கம்பனிப் பெயரால் அழைப்பதில்லை. லான்ட்மாஸ்டர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் ரே விஜேவர்தன என்றொரு மனிதர் இருந்தார் என்பது வயலில் நிற்கிற பலருக்குத் தெரியாது.

1924 ஓகஸ்ட் 20இல் கொழும்பில் வசதியான சிங்களக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ஆசையெல்லாம் விமானத்தின் மேல். கேம்பிரிட்ஜ் சென்று பொறியியல் படித்தார். ஆனால் நாடு திரும்பியவரை மண் பிடித்துக்கொண்டது. சிறு விவசாயியின் வயலுக்கு நான்கு சில்லு உழவு இயந்திரம் பெரிது, விலையும் எட்டாது. எருமைச் சோடியை வைத்துப் பராமரிக்கவோ எல்லோராலும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஒருவர் பின்னால் நடந்துகொண்டே கைபிடியால் திருப்பக்கூடிய சிறிய இயந்திரம் ஒன்றை 1950களில் வடிவமைத்தார். இங்கிலாந்தின் லான்ட்மாஸ்டர் கம்பனி அதைத் தயாரித்து விற்றது. கம்பனியின் பெயர் இங்கே இயந்திரத்தின் பெயராகி நிலைத்துவிட்டது.

இதே காலத்தில்தான் வன்னியில் குளங்களைத் திருத்திக் காடு வெட்டிக் குடியேற்றத் திட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. காணி கிடைத்த குடும்பங்களுக்குக் கைகள் போதவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த இடத்துக்கு லான்ட்மாஸ்டர் வந்து சேர்ந்தது. இரும்புச் சில்லுப் பூட்டினால் சேற்று வயலில் இறங்கும். ரயர் மாட்டிப் பின்னால் பெட்டியைக் கொழுவினால் நெல் மூட்டையும் விறகும் ஏற்றும், திருவிழாவுக்கு ஆட்களையும் ஏற்றும். உள்ளே ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பெல்ட், கிளச், கியர்ப்பெட்டி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பதினைந்து வயதுப் பொடியன்கூட இரண்டு தடவை பார்த்தால் கழற்றிப் பூட்டுவான். வன்னியின் கராஜுகளில் பாதி, வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் தொடங்கியவை என்று சொன்னால் அது மிகையாகாது என்றே நினைக்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கைப்பழக்கம்தான் கைகொடுத்தது. எரிபொருள் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, பற்றரிகூட இல்லை. சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றில் உயிர்பெற்றது. 2009இன் தொடக்கத்தில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன் என்று சனம் ஒதுங்கிக்கொண்டே போனபோது, கூரைத் தகரமும் பாத்திரமும் முதியவர்களும் குழந்தைகளும் அந்தப் பெட்டிகளில்தான் போனார்கள். முள்ளிவாய்க்காலில் எரிந்தும் கைவிடப்பட்டும் குவிந்து கிடந்த வாகனங்களுக்குள் எத்தனை லான்ட்மாஸ்டர்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

அதைத் தந்த மனிதரோ வெகுகாலத்துக்கு முன்பே தன் இயந்திரத்தைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். தாம் இயந்திரமயமாக்கியது வேளாண்மையை அல்ல, எருமையைத்தான் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எருமை புல்லைத் தின்று உழுகிறது. பால் தருகிறது, எரு தருகிறது, கன்று ஈனுகிறது. இயந்திரம் கப்பலில் வரும் எண்ணெயைக் குடிக்கிறது. பழுதானால் உதிரிப்பாகமும் கப்பலில்தான் வரவேண்டும். தன் பெயரை உயர்த்திய பொருளையே இப்படி நிறுத்துப் பார்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அடுத்து, உழவே எதற்கு என்று கேட்டார். காட்டு நிலத்தை யாரும் உழுவதில்லை, மரம் வளர்கிறது. நாம் உழுவதில் பெரும்பங்கு களையை அடக்குவதற்காகத்தான். மேட்டு நிலத்தை உழுது வெறுமையாக விட்டால் வெப்பமண்டலத்தின் கொட்டும் மழை மேல்மண்ணைக் கழுவிச் சென்றுவிடும். 1970களில் நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பமண்டல வேளாண்மைக்கான சர்வதேச நிறுவனத்தில் பணியாற்றியபோது இந்தக் கேள்விக்கு அவர் கருவிகளாலேயே விடை தேடினார். நிலத்தைச் சருகால் மூடி வைத்து, அதைக் கிளறாமல், உருட்டிக்கொண்டு போகும்போதே சருகைத் துளைத்து விதையை இறக்கும் கைக்கருவி அவற்றில் ஒன்று. அதற்கு எண்ணெய் தேவையில்லை.

நாடு திரும்பிய பிறகு தன் தென்னந்தோட்டத்தில் அவர் நட்டது சீமைக்கிளுவை. நம் வேலிகளில் கிளிசரியா என்று நிற்கிற அதே மரம். இலையை வெட்டிப் போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து, ஆட்டுக்குத் தீன், தடியை எரித்தால் மின்சாரம். விறகிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று அவர் விடாமல் வாதாடினார். 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட அளவுக்கு நடவில்லை என்பது வேறு கதை.

விமான ஆசையும் அவரை விட்டுப் போகவில்லை. சிறு விமானங்களைத் தன் கையாலேயே கட்டி, தானே ஓட்டிப் பார்த்தார். பாய்மரப் படகோட்டத்தில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் கலந்துகொண்டார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். பட்டங்கள் இத்தனை இருந்தும், கையில் அழுக்குப் படுகிற விவசாயி, மெக்கானிக் என்று அறிமுகமாவதையே அவர் விரும்பினார். 2010 ஓகஸ்ட் 18இல், 86 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில் காலமானார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், நாட்டிடம் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் போனது. கிளிநொச்சியில் சிறுபோக வயல்கள் காத்திருக்க, விவசாயிகள் டீசலுக்கு வரிசையில் நின்றார்கள். தடைக்காலத்தைக் கண்ட முதியவர்களுக்கு அது புதிதல்ல. புதிதாக ஒன்று மட்டும் இருந்தது. அன்று மண்ணெண்ணெயில் ஓட்டிச் சமாளித்தவர்களுக்கு இம்முறை மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை.