இமயத்தைப் படம் பிடித்த சாமுவேல் போர்ன்

விடுமுறையில் மலையேறச் செல்லும் நம் மாணவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துச் சில நிமிஷங்களில் நூறு படங்கள் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். அவற்றுள் எத்தனையை மறுமுறை நோக்குவர் என்பது வேறு விஷயம். ஒரு படத்திற்காக மேகம் விலகுமட்டும் மலைச் சரிவில் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் இமயமலையின் உட்பிரதேசங்களுட் புகுந்து படம் பிடித்து மீண்ட சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயரின் சரிதத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

போர்ன் 1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மக்கிள்ஸ்டன் என்னும் சிற்றூரில் குடியானவக் குடும்பத்தில் பிறந்தார். வாலிபப் பருவத்தில் நாட்டிங்ஹாம் நகரத்து வங்கியொன்றில் குமாஸ்தாவாக அமர்ந்தார். கணக்குப் புத்தகங்களுக்கிடையே கழிந்த அவ்வாழ்வில் அவருக்கு ஆறுதலாயிருந்தது அப்பொழுது புதிதாய்ப் பரவிவந்த நிழற்படக் கலையே. ஓய்வு நாட்களில் குன்றுகளையும் ஏரிகளையும் நாடிச் சென்று படம் பிடித்தார். 1862-ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. பின்னர், நிலையான உத்தியோகத்தை உதறிவிட்டு, 1863-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வந்திறங்கி, அங்கிருந்து சிம்லாவை அடைந்தார். அவ்வூரில் முதலில் ஹவார்டு என்பவருடனும், பின்னர் ஷெப்பர்டு என்பவருடனும் கூட்டுச் சேர்ந்து அவர் நிறுவிய படசாலையே பிற்காலத்தில் இந்தியாவெங்கும் பெயர் பெற்ற ‘போர்ன் அண்டு ஷெப்பர்டு’ ஆகும்.

அவர் பட்ட சிரமத்தை உணர வேண்டுமாயின் அக்காலத்துப் படமுறையைச் சிறிது அறிதல் வேண்டும். கண்ணாடித் தகடொன்றின்மீது கொலோடியன் என்னும் பசைத் திரவத்தைச் சீராகப் பரப்பி, இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன்னரே காமிராவிலிட்டு ஒளி காட்டிவிட வேண்டும். உடனே இருட்டுக்குள் மீண்டு மருந்தூற்றி உருவத்தை வெளிப்படுத்திக் கழுவ வேண்டும். தகடு உலர்ந்துவிட்டால் எல்லாம் வீண். ஆகவே படம் பிடிப்பவன் சென்றவிடமெல்லாம் இருட்டறையும் உடன் சென்றாக வேண்டும். பன்னிரண்டு அங்குல நீளமும் பத்து அங்குல அகலமுமுள்ள கனத்த தகடுகள், மருந்துப் புட்டிகள், பெரிய காமிரா, இருட்டுக் கூடாரம், உணவு, படுக்கை ஆகிய அத்தனையும் மனிதர் முதுகிலேயே ஏறிச் சென்றன. ஒருவன் கால் இடறினால் ஒரு மாதத்து உழைப்பு பள்ளத்தில் நொறுங்கும்.

1863-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் சுமார் முப்பது சுமைகூலிகளுடன் போர்ன் சிம்லாவிலிருந்து புறப்பட்டார். சட்லெஜ் நதிப் பள்ளத்தாக்கின் வழியே சினி என்னும் ஊரையடைந்து, அதற்கப்பாலும் சென்று, பத்து வாரங்களுக்குப் பின் 147 நெகடிவ்களுடன் திரும்பினார். முதற் காட்சியில் இமயம் அவருக்கு ஏமாற்றமளித்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். சிகரங்கள் அளவு கடந்து பெரியனவாய்க் காமிராவின் கண்ணுக்கு அடங்காது நின்றன. தம் நாட்டிற் கண்டு பழகிய ஏரியும் சோலையும் அங்கே இல்லை. மலையைக் குறை கூறிய அவர் கண்ணே மலைக்கேற்பப் பழக வேண்டியிருந்தது என்பது எம் கருத்து.

அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் 42 கூலியாட்களுடன் காஷ்மீரத்திற்குப் புறப்பட்டார். ஏரியும் நதியும் நிழல் விழும் நீர்ப்பரப்பும் அவர் உள்ளத்துக்கு ஒத்திருந்தன. அவ்வாண்டின் இறுதியில் திரும்பியபோது அவர் கைவசம் 546 நெகடிவ்கள் இருந்தன.

மூன்றாவது யாத்திரையே யாவற்றினும் கடியது. 1866-ஆம் ஆண்டு ஜூலையில் பிளேபேர் என்னும் மருத்துவருடன் புறப்பட்டு, குலு, லாஹுல், ஸ்பிதி ஆகிய பிரதேசங்களைக் கடந்து, 18,600 அடி உயரத்திலுள்ள மணிரங் கணவாயை அடைந்தார். மூச்சு முட்டும் அவ்விடத்தில் கூடாரமடித்துத் தகடு நனைத்துப் படமும் பிடித்தார். அத்துணை உயரத்தில் அதுகாறும் எவரும் படம் பிடித்ததில்லை. அதன் பின்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எவரும் அதனை விஞ்சவில்லை. அங்கிருந்து இறங்கிக் கங்கையின் மூலமாகிய கோமுகத்தையும் சென்று படம் பிடித்தார்.

இவ்வளவும் புகழுக்குரியனவே. ஆயினும் சரிதம் எழுதுவோர் ஒன்றை மறைத்தலாகாது. ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆப் போட்டோகிராபி’ என்னும் பத்திரிகைக்குப் போர்ன் தாமே தம் யாத்திரைகளை விரிவாக எழுதியனுப்பினார். ஒருமுறை கூலியாட்கள் சிலர் சுமைகளை வழியில் இறக்கிவிட்டு ஓடிவிட்டனரென்றும், தாம் தடியுடன் சென்று வீடுகளில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து அடித்தாரென்றும், சிறிதும் கூச்சமின்றி அவரே அதில் வருணித்திருக்கின்றார். ஓடியவர்களை நாம் குறை கூறுவதெங்ஙனம்? மலைநாட்டில் அக்காலத்தில் ‘பேகார்’ என்னும் கட்டாய ஊழியம் வழங்கியது. துரைமார் வந்தால் ஊர்த்தலைவன் ஆளனுப்ப வேண்டும்; அறுவடைக் காலமாயினும் குடியானவன் நிலத்தை விட்டுச் சுமை தூக்க வேண்டும். போர்ன் சென்ற அதே பாதையிலுள்ள கோட்கட் என்னும் ஊரில், அமெரிக்காவிலிருந்து மிஷன் ஊழியத்திற்கு வந்து அங்கேயே குடியேறிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் மக்களைத் திரட்டிப் போராடி, 1921-ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தை ஒழிக்கும்வரை அது நீடித்தது. குடியானவன் மகனாகிய போர்னுக்குக் குடியானவனின் அறுவடை நினைவுக்கு வரவில்லையே என்று எமக்குத் தோன்றுவதுண்டு. பனியில் வெளிச்சத்திற்காகப் பொறுமையோடு காத்திருந்தவர், அதே பனியில் சுமையோடு நின்றவர்பால் அப்பொறுமையைக் காட்டவில்லை.

1867-ஆம் ஆண்டில் தாய்நாடு சென்று விவாகம் செய்துகொண்டு மீண்டார். 1869-ஆம் ஆண்டில் தென்னாட்டிலும் சஞ்சரித்து உதகமண்டலம், தஞ்சை, மதுரை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் இந்தியாவை விட்டகன்று, நாட்டிங்ஹாமில் மைத்துனருடன் பருத்தி நூல் தொழில் நடத்தினார், மாஜிஸ்திரேட்டாகவும் விளங்கினார். முதுமையில் நீர்வர்ணச் சித்திரம் தீட்டுவதில் ஈடுபட்டிருந்து, 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் காலமானார்.

அவர் பெயர் தாங்கிய கல்கத்தா படசாலையில் 1991-ஆம் ஆண்டில் தீப்பற்றிப் பழைய சேகரங்கள் பெரும்பாலும் அழிந்தன. 2016-ஆம் ஆண்டில் கடையும் மூடப்பட்டது. கோமுகத்தில் அவர் கண்ட பனிமுகப்பும் இன்று அவ்விடத்தில் இல்லை. பனியாறு வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. நல்வினைப்பயனாக, அவர் படங்களின் பிரதிகள் பல நாட்டு நூதனசாலைகளில் எஞ்சியிருக்கின்றன. சிகரத்தின் உயரம் விளங்கும்பொருட்டு அவற்றிற் சிலவற்றில் ஒரு பாறையருகே மலைநாட்டான் ஒருவன் அசையாது நிற்கக் காணலாம். படத்தின் அடியில் போர்னின் பெயரும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். நிற்பவன் பெயர் இராது.